சமாதானம் பேசியவருக்கு மறதி நோய்: காவிரிப் படுகையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், மகள் வீட்டில் வசிக்கும் இந்தப் பெரியவருக்கு இப்போது 84 வயது. 1956–57இல் வினோபா பாவே நிலமற்றவர்களுக்காகப் பூதானம் (நில தானம்) கேட்டுத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்து வந்தபோது, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடவே நடந்தவர். பிறகு வினோபா தொடங்கிய சாந்தி சேனை என்ற அமைதிப் படையில் தொண்டரானார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி கேட்டுக் கீழத்தஞ்சைக்கு வந்தவர் பிறகு இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி 1981இல் லாஃப்டி (உழுபவர்களின் விடுதலைக்கான நிலம்) என்ற அமைப்பைத் தொடங்கி நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த காலத்தில் அந்த ஊர்களுக்கெல்லாம் போய்வந்தார். தொண்ணூறுகளில் கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து நடந்த சத்தியாகிரகத்தில் இருந்தார். 1996 டிசம்பர் 11 அன்று அந்தப் பண்ணைகளுக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது ஊர் ஊராகப் போய் அதைப் படித்துக் காட்டினார். காவிரிக்காக இரண்டு மாநிலமும் முறைத்துக்கொண்டிருந்த 2003இல், இரு பக்கத்து உழவர்களும் நேரில் உட்கார்ந்து பேச அமைத்துக்கொண்ட காவிரிக் குடும்பத்தின் கூட்டங்களுக்குத் தன் செலவில் போய்வந்தார்.

ஊரார் அவரைப் பற்றிச் சொல்வது இவ்வளவு பெரிய கதைகள் இல்லை. தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, சுடுகாட்டுப் பாதை யாருடைய வரப்பில், வாய்க்கால் முறை யாருக்கு முதலில் என்று கைகலப்பு மூண்ட இடத்திலெல்லாம், வட்டாட்சியர் சமாதானக் கூட்டம் போடுவதற்கு முன்பே, ஒரு ஜோல்னாப் பையோடு இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வந்து தரையில் உட்கார்ந்துகொள்வார் என்று சொல்வார்கள். உட்கார்ந்திருப்பவரைத் தாண்டிப் போய் அடிக்க யாருக்கும் கால் வராது.

2022 கடைசியில் அவருடைய மகள் எங்கள் வீட்டுப் பராமரிப்புக் குழுவைத் தேடி வந்தார். நான் அந்தக் குழுவின் சமூகப் பணியாளர். என்னோடு ஒரு செவிலியர் உண்டு. மனநல மருத்துவர் ஒருவர் மாதம் ஒரு நாள் வந்து பார்ப்பார். மகள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: மாலையில் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார், வீட்டில் இருப்பதை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடுகிறார், யார் கூப்பிட்டாலும் போகிறார், சம்பந்தமில்லாதவர்களின் சண்டைக்குள் நுழைகிறார், சில நாள் சாப்பிட மறுக்கிறார்.

படித்துவிட்டுச் செவிலியர் கேட்டார்: "அம்மா, இதெல்லாம் எப்போதிலிருந்து?"

"அறுபது வருடமாக" என்றார் மகள். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் இப்போது வேறு மாதிரி" என்றார்.

அந்த 'வேறு மாதிரி' என்ன என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததுதான் இந்த இரண்டு ஆண்டுப் பராமரிப்பின் பெரும்பகுதி. நோய்க்குறி என்று எங்கள் படிவத்தில் ஏறிய பலவும் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. அவற்றை மொத்தமாக நோய் என்று அடக்கியிருந்தால் மனிதரையே அடக்கியிருப்போம். மொத்தமாகக் கொள்கை என்று கும்பிட்டு விட்டிருந்தால் அவர் வாய்க்காலில் விழுந்திருப்பார். குடும்பத்தின் ஒப்புதலோடும், தெளிவாக இருந்த நாட்களில் அவரிடமே கேட்டும் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி ஊர், உறவு, சில நிகழ்ச்சிகளின் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பரிசோதனை

இவ்வளவு நாள் நோய் வெளியே தெரியாமல் போனதற்கு அவருடைய பழக்கமே காரணம். பொதுவாழ்க்கையில் இருப்பவர்களுக்கு யாரிடமும் பேசக்கூடிய பேச்சு ஒன்று உண்டு. "வாருங்கள், சாப்பிட்டீர்களா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, விதைப்பு ஆயிற்றா?" இந்த மூன்று கேள்விக்கு எதிரில் இருப்பவர் யார் என்று தெரிய வேண்டியதில்லை. வந்தவர்கள் "அய்யா என்னை மறக்கவே இல்லை" என்று மகிழ்ந்து போனார்கள். மகளுக்கு முதல் சந்தேகம் வந்தது 2021இல், ஒரு வரப்புத் தகராறில். ஒரு தரப்பு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டதை எதிர்த் தரப்பு ஒப்புக்கொண்டதாக அவர் எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டார். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தும் திறமைதான் அவருடைய தொழில். அதுதான் முதலில் போயிற்று.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைச் சுருக்கமும், சிறு இரத்தக் குழாய்கள் அடைத்த பழைய தழும்புகளும் இருந்தன. அல்சைமரும் இரத்தக் குழாய்க் கோளாறும் சேர்ந்த கலப்பு வகை என்று மருத்துவர் முடிவு சொன்னார். மறதி நோய்களில் 60 முதல் 70 விழுக்காடு அல்சைமர் வகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முதுமையில் இப்படி இரண்டு வகை சேர்ந்து வருவதும் சாதாரணம். கூடவே பி12 சத்து குறைவாக இருந்தது. பால்கூட அளவாகக் குடிக்கும் சைவ உணவுக்காரர்களிடம் இது அடிக்கடி தென்படும். இரண்டு காதிலும் குறும்பி கட்டியாக அடைத்திருந்தது. ஊசி போட்டதிலும் காதைச் சுத்தம் செய்ததிலும் சோர்வு குறைந்தது, பேச்சுக்குப் பதில் வந்தது. நினைவு திரும்பவில்லை. ஆனாலும் தைராய்டு, பி12, காது, கண், மனச்சோர்வு இவற்றைப் பார்க்காமல் யாருக்கும் மறதி நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. வயதானால் அப்படித்தான் என்று வீட்டோடு விட்டுவிடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் பலமாக இருக்கிறது. இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் எந்த மருத்துவரிடமும் போயிருக்க மாட்டார்கள்.

நினைவாற்றல் சோதனையில் ஒரு கட்டம் உண்டு: மனதில் தோன்றும் ஒரு வாக்கியத்தை எழுதச் சொல்வார்கள். ஆண்டு, மாதம், கிழமை எதுவும் சொல்ல முடியாதவர், பென்சிலை வாங்கி, வளைவு வளைவான பழைய கையெழுத்தில் "இரு தரப்பாரும் உட்கார்ந்து பேசவும்" என்று எழுதினார். மதிப்பெண் அட்டவணைப்படி அதற்கு ஒரு மதிப்பெண். எங்கள் திட்டம் முழுவதும் அந்த ஒரு வரியிலிருந்துதான் வளர்ந்தது.

நான்கு மணி

மாலை நான்கு மணி ஆனால் நிலைகொள்ளாமல் தவிப்பார். வெயில் சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்த நோயில் பலருக்கும் உண்டு. இவருக்கு அது 'கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது' என்ற வடிவில் வந்தது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தடுத்தால் கோபம் வரும். எங்கே என்று கேட்டால் ஏதாவது ஓர் ஊரின் பெயர் சொல்வார். அந்த ஊர்த் தகராறு முடிந்து முப்பது ஆண்டு ஆகியிருக்கும்.

டெல்டாவில் இது சாதாரண ஆபத்து இல்லை. கோடையில் வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும்போது, வழி தவறினால் வெயில்தான் பயம். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்துவிட்டால், வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் நீர். நேற்றுவரை குறுக்கே நடந்துபோன இடம் இன்று இடுப்பளவு ஓடும். நினைவில் இருப்பது நேற்றைய தரை. மறதி நோய் உள்ளவர்களுக்கான வீட்டுப் பாதுகாப்பு அறிவுரைகளில் மாடிப்படி, கேஸ் அடுப்பு, வழுக்கும் குளியலறை எல்லாம் வரும். நம் பகுதிக்கு முதலில் வாய்க்காலை எழுத வேண்டும்.

பூட்டி வைக்கலாம் என்றார் மருமகன். அவரைக் குறை சொல்ல முடியாது, தேடி அலைந்தவர் அவர்தான். ஆனால் சிறைக்குப் போய்வந்த மனிதர், கதவை வெளியே தாழ்போடும் சத்தம் கேட்டாலே நடுங்கினார். ஆகவே கொல்லைப்புறம் வாய்க்காலை நோக்கி இருந்த வழிக்கு மட்டும் உயரமான மூங்கில் படல் கட்டி, அதன்மேல் கொடி படரவிட்டு, வழி என்றே தெரியாமல் செய்தோம். வாசல் பக்கம் திறந்தே இருக்கும். டீக்கடைக்காரர், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்கள், மினி பஸ் நடத்துநர் எல்லோரிடமும் மகள் போய் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். பையின் உள்பக்கம் போன் எண் தைக்கப்பட்டது. எங்காவது பார்த்தால் தடுக்க வேண்டாம், "அய்யா, கூட்டம் உங்கள் திண்ணையில்தான்" என்று சொல்லி உடன் நடந்து வந்துவிடுங்கள் என்று சொல்லிவைத்தோம்.

அந்தச் சொல் பொய்யாகாமல் இருக்க, திண்ணையில் தினமும் கூட்டம் நடந்தது. ஐந்து மணிக்கு இரண்டு பாய் விரிப்பார்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பாடம் படிக்க வருவார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார், சர்வசமயப் பிரார்த்தனை நடக்கும். பெரியவர் தக்களி என்னும் கைக்கதிரில் நூல் நூற்பார். பேர் மறந்த விரல்களுக்குப் பஞ்சு மறக்கவில்லை. நூல் அறுந்தால் முனையை ஒட்டி முறுக்கிவிட்டுத் தொடர்கிறார். "எல்லாத் தரப்பும் வந்தாயிற்றா?" என்று கேட்டுத்தான் தொடங்குவார். வந்துவிட்டது என்று பிள்ளைகள் சொல்வார்கள். சில வாரங்களில் நான்கு மணிப் பதற்றம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. அதற்காக மாத்திரை எதுவும் கூட்டவில்லை.

சாப்பிட மறுத்த நாட்கள்

2023இல் ஒரு வாரம் சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினார். தட்டைத் தள்ளிவிட்டு, "கையெழுத்து ஆகட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார். தண்ணீரும் உப்பும் மட்டும் எடுத்துக்கொண்டார். உண்ணாவிரதத்தின் ஒழுங்கு அப்படியே இருந்தது. ஊரில் செய்தி பரவி, பழைய தோழர்கள் சிலர் வந்து அருகில் அமர்ந்து பிரார்த்தனை செய்தார்கள். ஒருவர், "அய்யா உள்ளுக்குள் எதையோ உணர்ந்திருக்கிறார், தடுக்காதீர்கள்" என்றுகூடச் சொன்னார்.

மிகவும் ஆபத்தான பேச்சு இது. மறதி நோய் முற்றிய ஒருவரின் பட்டினியை விரதம் என்று கொண்டாடுவதற்கு முன் அவருடைய வாயைத் திறந்து பார்க்க வேண்டும். செவிலியர் பார்த்தார். பல்செட்டின் கீழ் ஈறு புண்ணாகியிருந்தது. வயிறு மலச்சிக்கலில் கல்லாக இருந்தது. அதைவிட முக்கியமானது, நினைவுக்காகக் கொடுக்கும் டொனெபெசில் மாத்திரை சற்று முன்புதான் 5 மில்லிகிராமிலிருந்து 10க்கு உயர்த்தப்பட்டிருந்தது. குமட்டல், பசியின்மை, எடை குறைதல் இவையெல்லாம் அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். நாடித் துடிப்பையும் அது குறைக்கக்கூடும். மருத்துவரிடம் போனில் பேசி அளவை மறுபடி 5க்குக் கொண்டுவந்தோம். பல்செட்டைக் கழற்றி வைத்து ஈற்றுக்கு மருந்து தடவினோம். வயிறு இளகியது.

காரணம் உடம்பில் இருந்தது. ஆனால் அந்த வலிக்கும் குமட்டலுக்கும் அவர் மனம் கண்டுபிடித்த விளக்கம், 'நான் விரதத்தில் இருக்கிறேன்' என்பது. உடம்பு சரியான பிறகும் அந்த விளக்கம் போகவில்லை. விரதத்தை யாராவது முடித்துவைக்க வேண்டும்.

கையெழுத்தாகிவிட்டது என்று ஒரு காகிதத்தைக் காட்டிச் சாப்பிட வைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். மகள் ஒப்பவில்லை. "அப்பா யாரிடமும் பொய் சொல்லிக் காரியம் சாதித்ததில்லை. அவரிடமே நான் பொய் சொல்லி ஊட்ட மாட்டேன்" என்றார். மறதி நோய்ப் பராமரிப்பில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. இறந்துபோன மனைவியைத் தேடுபவரிடம் ஒவ்வொரு முறையும் சாவுச் செய்தி சொல்வது கொடுமை. கூசாமல் கதை கட்டிவிடுவதும் மரியாதையில்லை. நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதை மகளே கண்டுபிடித்தார்.

அவர் எந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று அப்பாவின் பழைய நாட்குறிப்புகளில் தேடினார். எழுபதுகளில் ஒரு கூலித் தகராறு. அதற்காக உண்மையிலேயே உண்ணாவிரதம் இருந்திருக்கிறார். அந்தத் தகராறில் எதிர்த் தரப்பாக இருந்த மிராசுதாரின் மகனுக்கு இப்போது எழுபதைத் தாண்டிய வயது, மன்னார்குடியில் இருக்கிறார். மகள் போன் செய்ததும் மறுநாளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணா, கூலிப் பேச்சு முடிந்துவிட்டது. நீங்கள் சொன்ன அளவுக்கே ஒத்துக்கொண்டோம். அப்பா கையெழுத்துப் போட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்."

பெரியவர் அவருடைய முகத்தை வெகுநேரம் பார்த்தார். "ஆட்களுக்கு அளந்தாயிற்றா?"

"அளந்தாயிற்று அண்ணா."

"குறையில்லாமல்?"

"குறையில்லாமல்."

எலுமிச்சைச் சாறு வந்தது. வந்தவர் கையால்தான் வாங்கிக் குடித்தார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நடந்த காலத்தை மட்டும் சொல்லவில்லை. மறதி நோய் உள்ளவரின் காலத்துக்குள் போய் நின்றுகொண்டு அங்கே உண்மையாக இருப்பதைப் பேசுவது என்று எங்கள் குழு அதன்பின் ஒரு நடைமுறையாகவே வைத்திருக்கிறது. மற்றக் குடும்பங்களிலும் பயன்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சாறு அந்த ஒரு வேளையைத்தான் திறந்தது. அடுத்த மாதங்களில் எடை ஏறியது மாத்திரை அளவைக் குறைத்ததாலும், ஈறு ஆறியதாலும். உருக்கமான காட்சியைக் கண்டுவிட்டு மருந்துச் சீட்டைப் பார்க்க மறந்துவிடக் கூடாது.

கை ஓங்கியது

குளிப்பாட்ட வந்த உதவியாளரை அடித்துவிட்டார். உதட்டில் இரத்தம் வரும் அளவுக்கு. வீடே ஒடுங்கிப்போயிற்று, வாழ்நாள் முழுக்க அகிம்சை பேசியவர் கை நீட்டினார் என்று ஊர் சொல்லுமே என்ற அவமானம். நெற்றிப்பக்க மூளை பழுதாகும்போது அடக்கும் திறன் குறைகிறது. அதற்கும் கொள்கைக்கும் சம்பந்தமில்லை என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினோம். பிறகு என்ன நடந்தது என்று உதவியாளரிடம் கேட்டோம். பின்னால் நின்று தலையில் குவளைத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறார். பெரியவர் போராட்டக் காலங்களில் பின்னாலிருந்து தடியடி வாங்கியவர். இனி முன்னால் நின்று, பெயர் சொல்லி, தண்ணீரை முதலில் காலில் ஊற்றி, குவளையை அவர் கையிலேயே கொடுத்துக் குளிக்க வைப்பது என்று மாற்றினோம். வெந்நீர், மதிய வேளை. அதன்பின் அடி இல்லை. அடிபட்ட இளைஞரை யாரும் விசாரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மகள்தான் பிறகு அவர் வீட்டுக்குப் போய் அவருடைய அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

ஓர் ஐப்பசி இரவில் திடீரென்று சுவரில் ஆட்கள் தெரிவதாகக் கத்தினார். ஒரே நாளில் இப்படி மாறினால் அது மறதி நோயின் வளர்ச்சி அல்ல, வேறு நோய் என்று சந்தேகிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று. மருந்துக்கு அடங்கியது.

காக்க வேண்டிய ரகசியங்கள்

சமாதானம் பேசுபவரிடம் இரண்டு தரப்பும் தனித்தனியாக வந்து மனதைக் கொட்டும். வெளியே சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கைதான் அவருடைய மூலதனம். வைக்கோல் போருக்குத் தீ வைத்தது யார், எந்தப் பெண்ணை எந்த வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள், யார் பணம் வாங்கிக்கொண்டு சாட்சியை மாற்றினார்கள் என்பதெல்லாம் அவரோடு போயிருக்க வேண்டியவை. நோய் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டது. 2023 கடைசியில் திண்ணையில், பிள்ளைகள் நடுவில், ஒரு பெயரைச் சொன்னார். தொண்ணூறுகளில் நடந்த தேர்த் தகராறு ஒன்றில் நள்ளிரவில் வந்து அவர் காலில் விழுந்து அழுதவரின் பெயர். அந்த மனிதர் இன்றும் அதே ஊரில் இருக்கிறார். அவருடைய பேரன் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஆசிரியர் சட்டென்று பிரார்த்தனையைத் தொடங்கிவிட்டார். அன்று அதோடு போயிற்று. ஆனால் எங்கள் வழிகாட்டுக் கையேடுகள் எதிலும் இதற்கு விடை இல்லை. கூச்சம் கழன்று பேசுவது நோய்க்குறி என்று இருக்கும். பேசுகிற விஷயம் இரண்டு தெருவை மறுபடி மூட்டிவிடக்கூடியது என்றால் என்ன செய்வது என்று இருக்காது.

மகள், ஆசிரியர், பெரியவரின் பழைய தோழர் ஒருவர், நான் என்று உட்கார்ந்து சில முடிவுகள் எடுத்தோம். அவர் பழைய தகராறுகளுக்குள் போவது தெரிந்தால் பேச்சை அடக்காமல், தக்களியையோ பாட்டையோ கையில் கொடுத்து அடுத்த காரியத்துக்கு நகர்த்துவது. ஒலிப்பதிவோ காணொளியோ எடுக்க வருபவர்களை மறுப்பது. வாய்மொழி வரலாறு சேகரிக்க வந்த நல்ல மனதுள்ள ஆராய்ச்சி மாணவர்களையும் சேர்த்துத்தான். தனக்காகப் பேசிக்கொள்ளும் தெளிவு இருந்த காலத்தில் அவர் சொல்ல மறுத்ததை, தெளிவு போன பின் பறித்து எடுப்பது திருட்டு. நாட்குறிப்புகளைப் பெட்டியில் பூட்டி, பெயர் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் தருவதில்லை என்று மகள் எழுதிக்கொடுத்தார். திண்ணைக் கூட்டத்துக்கு நிலையாக வருபவர்கள், இங்கே கேட்பது இங்கேயே என்று ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் வருகைக் குறிப்பேட்டிலும் 'பழைய நிகழ்வு பற்றிப் பேசினார்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். மருத்துவக் குறிப்பும் கை மாறும்.

அந்தப் பேரன் விஷயம் என்ன ஆனது? தாத்தாவிடம் போய்க் கேட்டிருக்கிறான். தாத்தா மறுநாள் தானே வந்தார். பெரியவர் அவரை யாரென்று அறியாமல் "சாப்பிட்டீர்களா?" என்றார். வந்தவர் அரைமணி நேரம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, "இவர் சொன்னால் சொல்லட்டும் அம்மா, நான் செய்ததுதானே" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் இப்படி இருக்க மாட்டார்கள். அதனால் விதிகளைத் தளர்த்தவில்லை.

பெயர்

அவர் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. காவிரி நீர் பற்றிய கடுமையான வாசகம், கீழே அவர் கையெழுத்து. காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று தெரிந்த யாரோ வாங்கியிருக்கிறார்கள். தெளிவு இருந்தபோது அவர் ஒருபோதும் ஒப்பாத வாசகம். நல்லவேளையாக நோயின் தொடக்கத்திலேயே, மருத்துவர் தெளிவைச் சோதித்துச் சான்று கொடுத்திருந்த நாளில், இரண்டு சாட்சிகளோடு சில விஷயங்களை எழுதிவைத்திருந்தோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பற்றி முன்கூட்டியே விருப்பம் எழுதிவைக்கவும், தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. அதில் மகளை நியமித்தார். தனித் தாளில், "இனி என் பெயரில் அறிக்கை வேண்டாம், கூட்டத் தலைமை வேண்டாம், என் படத்தைப் போட வேண்டாம்" என்று தன் கையாலேயே எழுதினார். அந்தத் தாளின் நகலை எல்லா அமைப்புகளுக்கும் அனுப்பினோம். பொதுவாழ்க்கையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: நோய் என்று தெரிந்த மாதத்திலேயே பெயரைப் பற்றி எழுதி வாங்குங்கள். பிறகு கேட்க முடியாது.

மகள்

மகளுக்கு 58 வயது, முதுகுவலி, சர்க்கரை. அப்பா இருந்த நிலத்தையும் தானம் கொடுத்துவிட்டவர். ஓய்வூதியம், சேமிப்பு எதுவும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வருகிறது, அது பெரிய உதவி. உதவியாளருக்குச் சம்பளம் மகளின் தையல் வருமானத்தில் போனது. அதே நேரம் வாரம் தவறாமல் யாராவது வந்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். "அப்பாவை எல்லோருக்கும் சொந்தம் என்கிறார்கள். ராத்திரி ஈரத் துணி மாற்ற மட்டும் நான்தான் சொந்தம்" என்று மகள் ஒருநாள் சொன்னதை, அவர் அனுமதியோடு, தோழர்களின் கூட்டத்தில் அப்படியே படித்தேன். சிலருக்கு வருத்தம். ஆனால் அதன்பின் முறை போட்டு வரத் தொடங்கினார்கள். வாரத்தில் இரண்டு இரவு தோழர்கள் தங்குகிறார்கள், உதவியாளர் சம்பளத்தில் பாதியை ஏற்றிருக்கிறார்கள். பொன்னாடைக்குத் தடை, அதற்குப் பதில் விரிப்புத் துணியும் கைலியும் கொண்டு வரலாம். முழுநேர ஊழியர்களின் முதுமைக்கு எந்த இயக்கமும் ஒரு நிதி வைக்கவில்லை என்பது இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். ஒட்டுமொத்தக் கடலோரத்துக்காகவும் நடந்த கால்கள் இவை. தேய்ந்த பிறகு ஒரே ஒரு பெண்ணின் முதுகில் ஏற்றி வைத்துவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மகளும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நினைவைத் தூண்டும் என்று தோழர்கள் பழைய புகைப்படங்களைச் சுவரில் ஒட்டினார்கள். அதில் கீழ்வெண்மணியின் எரிந்த குடிசைப் படமும் இருந்தது. அதைப் பார்த்த பெரியவருக்கு அது நேற்றிரவு நடந்ததாகிவிட்டது. இரண்டு நாள் அழுகை. படத்தை எடுத்துவிட்டோம். ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று வெண்மணி நினைவிடத்துக்குத் தவறாமல் போனவர். இனி அழைத்துப் போக வேண்டாம் என்பது என் கருத்து. மகள் 2024இல் கூட்டம் கலைந்த பிறகு மாலையில் ஆட்டோவில் அழைத்துப் போனார். அங்கே அவர் அமைதியாகக் கைகூப்பி நின்றதாகவும், திரும்பும் வழியில் அழுததாகவும், இரவு நன்றாகத் தூங்கியதாகவும் சொன்னார். துக்கத்தை நோய்க்குறியாக எண்ணி நான் தவிர்க்கப் பார்க்கிறேன் என்பது அவருடைய வாதம். என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தைச் சுவரில் திரும்ப மாட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்போது

பேச்சு குறைந்துவிட்டது. மகளை 'அம்மா' என்று கூப்பிடுகிறார். தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. அதனால் நிமிர்த்தி உட்கார வைத்து, கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாக, சிறு கரண்டியில், விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். விழுங்குவது நின்றால் மூக்குக் குழாய் வேண்டுமா என்ற பேச்சு வந்தது. நோய் முற்றிய நிலையில் குழாய் உணவு ஆயுளை நீட்டுவதாகவோ, புரையேறி நிமோனியா வருவதைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை என்பதை மருத்துவர் விளக்கினார். குழாய் வேண்டாம் என்பது, சிகிச்சை பற்றி அவர் முன்கூட்டியே எழுதிவைத்த தாளிலேயே இருக்கிறது. வாய்வழி முடிந்த அளவு, ருசிக்காக, வற்புறுத்தாமல் என்று முடிவாகியிருக்கிறது. மகன் ஒருவர் வெளியூரில் இருக்கிறார், அவருக்கு இதில் மனம் ஒப்பவில்லை. அடுத்த மாதம் வரும்போது மருத்துவரோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்திருக்கிறோம்.

திண்ணைக் கூட்டம் நடக்கிறது. அவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். நூல் இப்போது பிள்ளைகள் நூற்கிறார்கள். இரவு முறைக்கு வரும் தோழர்களில் இருவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இளையவர்கள் மூன்று பேருக்குத் தூக்கி உட்கார வைக்கவும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கவும் செவிலியர் கற்றுக்கொடுத்துவருகிறார். அவர்கள் பழகியதும் முறைப் பட்டியலை மாற்றி எழுத வேண்டும்.